வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவர்கள் போகும் களிக்கடை

தர்மபுரியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியனாக இருக்கிறேன். காலை ஆறரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஆள் நிற்கும். ஏரியூர், பென்னாகரம், நல்லம்பள்ளிப் பக்கமிருந்து சர்க்கரை அளவு பார்க்க முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்தவர்கள். ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு எல்லோரிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வேன்: "சாப்பிட்டுட்டு வாங்க. முதல் வாய் வைக்கிற நேரத்தைப் பார்த்துக்குங்க, அதுலருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கணும்." உடனே கேட்பார்கள்: "எங்க பாப்பா சாப்பிடறது?"

நான் கைகாட்டுவது பென்னாகரம் ரோட்டில் ஒரு சந்து முனையில் இருக்கும் களிக்கடையை. போர்டில் ஏதோ பெயர் இருக்கிறது, ஆனால் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. களிக்கடை என்றால் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். ஒரு அக்காவும் அவர் வீட்டுக்காரரும் நடத்துகிறார்கள். காலை வேலைக்கு நடுவில் நானும் அங்கேதான் சாப்பிடுகிறேன். மற்றவர்கள் விமர்சனத்தில் "டேஸ்ட் சூப்பர்" என்று எழுதுவார்கள். எனக்கு இன்னொரு வசதி உண்டு. அங்கே சாப்பிட்டவர்கள் இரண்டு மணி நேரம் கழித்து என்னிடமே வந்து கையை நீட்டுகிறார்கள்.

முதலில் களி. இந்தக் கடையின் பெயரே அதில்தான் நிற்கிறது. நொய்யை வேகவிட்டு, கொதிக்கும்போது ராகி மாவை மேலே குவித்துப் போட்டு, கிளறாமல் ஆவியில் வேகவிட்டு, அப்புறம்தான் துடுப்பைப் போட்டுக் கிண்டுகிறார் அக்கா. பெரிய அலுமினியக் குண்டானைக் கவையில் நிறுத்தி, வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, அவர் இரண்டு கையாலும் துடுப்பைச் சுழற்றுவதைப் பார்த்தாலே எனக்குத் தோள் வலிக்கும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கட்டி தட்டிய களி எனக்கு இங்கே கிடைத்ததே இல்லை. மாவைச் சலிப்பதும் இல்லை. ராகி சின்னத் தானியம், அரிசி மாதிரி தோலை உரித்துத் தீட்ட முடியாது, அதனால் தோலோடுதான் அரைபடும். நார்ச்சத்தில் பெரும்பங்கு அந்தத் தோலில்தான். சலித்து, தவிட்டைக் கொட்டிவிட்டு, "மெத்துனு இருக்கு" என்று பெருமைப்படும் கடைகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. சலித்த மாவில் ராகியின் நிறம் மட்டும்தான் மிச்சம்.

களிக்குத் தொட்டுக்கொள்ள தினம் இரண்டு வகை. ஒன்று கீரைக் கடைசல். இன்னொன்று கிழமைக்கு ஒன்றாக மாறும்: கொள்ளுக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, தட்டைப்பயறு. கொள்ளு வைக்கும் நாள் எனக்குப் பிடித்த நாள். பூண்டும் சீரகமும் காய்ந்த மிளகாயும் சேர்த்து, மத்தால் பாதி மசித்து பாதி பருப்பாகவே விட்டிருப்பார். மிக்சியில் அரைத்தால் இந்தப் பதம் வராது. ஒரு உருண்டை களி, இரண்டு கரண்டி கடைசல், ஒரு கரண்டி கீரை, நாற்பது ரூபாய். அவித்த முட்டை வேண்டுமானால் தனியாகப் பத்து ரூபாய்.

இந்தத் தட்டைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். களிக்காக இல்லை, கடைசலுக்காக.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடைச் சுவரில் யாரோ அச்சடித்துக் கொடுத்த ஒரு போஸ்டர் இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு ராகி மருந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டு இரண்டு உருண்டை, மூன்று உருண்டை என்று வாங்கி முழுங்கிவிட்டு வருகிறவர்களின் ரிப்போர்ட்டை நான்தான் பிரிண்ட் எடுக்கிறேன். ராகியும் மாவுச்சத்துதான். அரிசியை விட நார் அதிகம், கால்சியம் எக்கச்சக்கம். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, தீட்டிய அரிசியில் பத்துகூடத் தேறுமா என்பது சந்தேகம். எலும்புக்கு நல்லது, வயிறு நிற்கும், எல்லாம் சரி. ஆனால் மூன்று உருண்டை களி ரத்தத்தில் சர்க்கரையாக மாறாமல் வேறு எங்கே போகும்? அளவாக ஒரு உருண்டை வைத்து, கூடவே கொள்ளோ பயறோ முட்டையோ கீரையோ இருந்தால், வயிற்றிலிருந்து உணவு இறங்குவது மெதுவாகிறது, சர்க்கரையும் மெதுவாக ஏறுகிறது. காலையில் பயறு வகை சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரைகூடக் கொஞ்சம் அடங்கும் என்பது 1980களிலேயே ஆய்வில் பார்த்த விஷயம். போஸ்டரைக் கழற்றச் சொல்லி அக்காவிடம் கேட்டுவிட்டேன். "ஓட்டையை மறைக்குது கண்ணு, இருக்கட்டும்" என்றார். சுவரில் ஓட்டை நிஜமாகவே இருக்கிறது.

அடுத்து கூழ். ராகிக் கூழும் கம்பங்கூழும் உண்டு, சொம்பு இருபது ரூபாய், சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் இலவசம். முதல் நாள் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் காய்ச்சி, மோர் ஊற்றிக் கரைக்கிறார்கள். புளிப்பு அளவாக இருக்கும், சித்திரை வெயிலில் இதற்கு ஈடு கிடையாது. புளிக்க வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. ராகியில் இரும்பையும் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட் என்கிற பொருள் புளிக்கும்போது குறையும். குறை என்றால் உப்பு. கூழிலேயே உப்பு தூக்கல், அதற்கு மேல் மோர்மிளகாய், அதற்கும் மேல் ஊறுகாய். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே ஒரு சொம்பிலேயே அதில் நல்ல பங்கு போய்விடும். வெயிலில் வேலை செய்கிறவருக்குப் பரவாயில்லை. பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள், "உப்பில்லாம கரைச்சுக் குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னால் செய்து தருகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நான் கூழைச் சொல்வதில்லை. மாவாக அரைத்து, காய்ச்சி, கரைத்து, மெல்லும் வேலைகூட இல்லாமல் உள்ளே போவது களியை விடச் சீக்கிரம் ஏறும்.

இட்லி சுமார்தான். பூ மாதிரி இருக்கும் என்று சொல்ல ஆசை, ஆனால் ஏழு மணிக்கு அவித்து ஹாட்பாக்ஸில் போட்டதை ஒன்பது மணிக்கு எடுத்துத் தருகிறார்கள். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. இதே கடையில் கடைசலை அவ்வளவு கெட்டியாக வைப்பவர்கள் சாம்பாரை ஏன் இப்படித் தண்ணீராக விடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பூரி பக்கம் நான் போவதில்லை. எண்ணெயின் நிறத்தைப் பார்த்தாலே முந்தின நாள் எண்ணெய் என்று தெரியும். ஆனால் அதிகம் விற்பது பூரிதான். வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் லேப்பிலும் காத்திருந்தவருக்குப் பூரி மசாலா வாசனை வந்தால் கொள்ளு எங்கே கண்ணுக்குத் தெரியும்? நாலு பூரி, சர்க்கரை போட்ட காபி, அப்புறம் என் மேஜைக்கு முன்னால் வந்து, "ஏன் பாப்பா இவ்வளவு காட்டுது, மெஷின் சரியா இருக்குதா?" என்று கேட்பார்கள். மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. தினம் ஆறு தோசை சாப்பிடுகிறவர் ரத்தம் கொடுக்கிற அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வார், நம்பர் குறைவாக வர வேண்டுமாம். டாக்டர் அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துவிட்டால் கஷ்டப்படப் போவது யார்? எப்படியும் எச்பிஏ1சி என்கிற ரத்தப் பரிசோதனை எடுத்தால் முந்தின மூன்று மாதச் சர்க்கரைக் கதை வெளியே வந்துவிடும். அதனால் களிக்கடைக்கு அனுப்பும்போதே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் எவ்வளவு சாப்பிடுவீர்களோ அவ்வளவே சாப்பிடுங்கள், மாத்திரையையும் டாக்டர் சொன்னபடி போட்டுக்கொள்ளுங்கள்.

"டீ மட்டும்தான் குடிச்சேன்" என்று வந்து நிற்பவர்கள் தனி ரகம். பாலும் சர்க்கரையும் போட்ட டீ குடித்தபின் அது வெறும் வயிறு இல்லை. அவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கே பாவமாக இருக்கும்.

டீ என்றதும் கடையின் இன்னொரு குறை ஞாபகம் வருகிறது. சாப்பிட்டு முடிப்பதற்குள் வீட்டுக்காரர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். அன்பாகத்தான் செய்கிறார், ஆனால் சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரையிலும் ராகியிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சேருவது குறைகிறது. எங்கள் லேப்பில் ஹீமோகுளோபின் 8, 9 என்று குறைவாக வராத நாளே இல்லை, பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதுக்கு வந்த பிள்ளைகள். டீ ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். அதற்குப் பதிலாகக் கேட்க வேண்டியது நெல்லிக்காய். அக்கா உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்த நெல்லிக்காய் ஜாடி ஒன்று கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருவார். அதில் உள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்த்துக்கொள்ள உதவும். அவ்வைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்ததாகச் சொல்லும் தகடூர் இது, இங்கே நெல்லிக்காயை ஜாடியில் ஒளித்து வைப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறேன். அக்கா சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு வைத்தார்.

காலைச் சாப்பாடு எல்லோருக்கும் கட்டாயமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. யூனிஃபார்ம் போட்டிருந்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் லேப் டாக்டரிடம் கேட்டும் நானே படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எடை குறையக் காலையில் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பது அவ்வளவு உறுதியான பேச்சு இல்லை. 2019-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 13 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். காலையில் சாப்பிட்டவர்கள் அந்த நாளில் சராசரியாக 260 கலோரி அதிகமாகத்தான் சாப்பிட்டிருந்தார்கள், சாப்பிடாதவர்களின் எடை அரைக் கிலோகூட இல்லாத அளவுக்குக் குறைவாக இருந்தது. அந்தச் சோதனைகளின் தரம் பெரிதாக இல்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதனால் நல்ல உடம்போடு, காலையில் பசியே எடுக்காமல், பத்தரைக்குச் சாப்பிடுகிற ஆளை நான் வற்புறுத்துவதில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் மண்வெட்டியை எடுத்தால் ஒன்பது, பத்து மணிக்குத்தான் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிப்பார்கள். இராத்திரி மிஞ்சிய களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்ததுதான் அந்தக் கூழ். எட்டு மணிக்கு டிபன் என்பது பின்னால் ஹோட்டலும் ஆபீஸும் வந்து பழக்கியது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது பொருந்தாது. 2015-ல் வந்த ஒரு சின்ன ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 22 பேரை ஒரு நாள் காலையில் சாப்பிட வைத்தார்கள், இன்னொரு நாள் மதியம் வரை பட்டினி போட்டார்கள். மதியத்துக்கும் இரவுக்கும் இரண்டு நாளும் ஒரே சாப்பாடு. பட்டினி கிடந்த நாளில் மதியம் மட்டுமில்லை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை அதிகமாக ஏறியிருந்தது. அது எண்ணிக்கையில் சின்ன ஆய்வுதான், ஆனால் மாத்திரை விஷயத்தில் ஆய்வே வேண்டாம். சில சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டி விழுந்தவர்களை லேப் வாசலிலேயே தாங்கிப் பிடித்திருக்கிறேன். காலையில் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்று பயப்படுகிறவர்கள்தான் ஊரில் அதிகம். குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்கிற கிருமியும், கண்டபடி போடும் வலி மாத்திரைகளும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். புண் இருப்பவருக்கு வெறும் வயிறு எரிச்சலைக் கூட்டலாம், அது வேறு விஷயம்.

குழந்தைகளும் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கக் கூடாது. களிக்கடையில் பாத்திரம் துலக்கி மாவு கரைக்கும் பெண் முன்பெல்லாம் எட்டரைக்குத்தான் வருவாள், மகளுக்குச் சமைத்து ஊட்டி அனுப்ப வேண்டும். 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்லாம் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு மகள் பள்ளியிலேயே பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு சாப்பிட்டுவிடுகிறாள், இவள் ஆறு மணிக்கே கடையில் இருக்கிறாள். நம் தட்டில் களி சீக்கிரம் வந்து விழுவதற்கு இந்தத் திட்டமும் ஒரு காரணம்! அந்தப் பெண்ணை மட்டும் வேலை முடியும்வரை வெறும் டீயில் ஓட விட்டது எனக்கு உறுத்தலாக இருந்தது. அக்காவிடம் சொன்னேன். இப்போது எட்டு மணிக்கு அவளுக்கும் ஒரு தட்டு போடுகிறார்.

புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: சாமைப் பொங்கல், வியாழக்கிழமை மட்டும். சாமை நம் மாவட்டத்து மலைக்காட்டில் விளைவது, நல்ல விஷயம்தான். மிளகும் இஞ்சியும் சரியாக இருக்கிறது, ஆனால் வனஸ்பதியை ஊற்றி மினுமினுக்க வைத்திருக்கிறார்கள். தட்டைச் சாய்த்தால் ஓரத்தில் வழிகிறது. நெய்க்குக் காசு கட்டாது என்றால் நல்லெண்ணெயைக் கொஞ்சமாகத் தாளித்தாலே போதும். ராகி மால்ட்டையும் விட்டுவிடலாம். "நாட்டுச் சர்க்கரைதான் போட்டிருக்கு, ஒண்ணும் பண்ணாது" என்கிறார் வீட்டுக்காரர். ரத்தத்துக்கு வெள்ளைச் சர்க்கரையும் நாட்டுச் சர்க்கரையும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவருக்கு நான் சொல்லாத நாளில்லை. அவர் கேட்கிற நாளும் இல்லை.

ராகி எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். பெரும்பகுதி பென்னாகரம் பக்கத்து விவசாயிகளிடம் நேராக. 2023-ல் நீலகிரிக்கும் நமக்கும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் வந்ததிலிருந்து வீடுகளில் மறுபடி களி கிண்டுகிறார்கள், கடைக்குக் கூட்டம் குறையும் என்று அக்கா பயந்திருக்கிறார். நேர்மாறாக ஆகிவிட்டது. வீட்டில் கிண்டிப் பார்த்துக் கட்டி தட்டிப்போனவர்கள் பதம் கேட்டுக்கொண்டே இங்கே வந்து சாப்பிடுகிறார்கள். அவரும் மறைக்காமல் சொல்லித் தருகிறார்: தண்ணீர் கொதிக்காமல் மாவைப் போடாதே, போட்ட உடனே கிளறாதே.

இடம் சின்னது. நாலு மேஜை, வெளியே ஒரு பெஞ்சு. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கும், சில நாள் தண்ணீர் இருக்காது. குடிக்கக் கேன் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்கு வாசலில் இருக்கும் இரண்டு படி தொந்தரவு, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. இதை மட்டும் சீக்கிரம் சரி செய்ய வேண்டும், ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்குத் தலை சுற்றலாம். வண்டி நிறுத்த இடமில்லை, பைக்கை எதிர்ப்பக்கம் விட்டுவிட்டு நடக்க வேண்டும். ஜிபே உண்டு.

ஆறரைக்குத் திறக்கிறார்கள், பத்தரைக்கு மூடுகிறார்கள், ஞாயிறு விடுமுறை. களி பத்து மணி வரை இருக்கும், ஆனால் கொள்ளுக் கடைசல் ஒன்பதுக்குள் தீர்ந்துவிடும். அதற்கு மேல் போனால் தொட்டுக்கொள்ள அந்தத் தண்ணிச் சாம்பார்தான். லேப்பில் டோக்கன் பின்னால் கிடைத்தவர்கள், ரத்தம் கொடுக்கும் முன்பே அக்காவிடம் ஒரு தட்டுக் கடைசல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.